பெயர் சொல்லாத பெட்டி

முள்ளூரணிக்குக் கம்ப்யூட்டர் பெட்டி வந்து இறங்கிய நாளிலிருந்தே நாகஜோதிக்கு வயிற்றெரிச்சல்தான். பெட்டியின் மேல் அவளுக்கு ஒரு பகையும் இல்லை. அதற்குள்ளிருந்து பேசிய குரல்தான் அவளை எரித்தது. அது அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி பூங்கொடியின் குரல்.

முள்ளூரணியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சுற்றிலும் கருவேலங்காடு. மழை பெய்தால் மிளகாய் போடுவார்கள், பெய்யாவிட்டால் கரிமூட்டம் போடுவார்கள். பிள்ளைகள் குறைந்துபோனார்கள் என்று பள்ளிக்கூடத்தை மூடிப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள். பக்கத்து ஊர் கண்மாய்க்கு அந்தப்புறம். கண்மாயில் தண்ணீர் இல்லாதபோது குறுக்கே நடந்து போகலாம், நிறைந்துவிட்டால் அதுவும் இல்லை. போனில் சிக்னல் வேண்டுமானால் ஊரணிக் கரைமேல் ஏறிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த மூடிய பள்ளிக்கூடத்தில்தான் மதுரையிலிருந்து வந்த ஓர் அறக்கட்டளை பெட்டியை வைக்க முடிவு செய்தது. ஹெப்சிபா என்கிற பெண் வந்து ஊர்க்கூட்டத்தில் விளக்கினாள்.

"கரண்ட் வேணாம். கூரை மேல சோலார் தகடு இருக்கும், தூசி படியாம நீங்க துடைச்சாப் போதும். நெட்டும் வேணாம், பாடமெல்லாம் உள்ளயே இருக்கு. நாங்களும் வருசத்துக்கு ஒருதடவ வந்தாப் போதும். முன்னாடியெல்லாம் ஊர் ஊராக் கம்ப்யூட்டர் குடுத்துப் பாத்தோம். அது பேசற தமிழ் பிள்ளைங்களுக்குப் பிடிக்கல. கொஞ்ச நாள்ல துணியப் போட்டு மூடி வச்சிட்டாங்க. அதனால இது வேற மாதிரி. உங்க ஊர்ல ஒருத்தர் வீட்டுல இது ஒரு மாசம் இருக்கும். அவங்க யார எப்படிக் கூப்பிடறாங்க, யார அதட்டறாங்க, யார்கிட்டத் தணிஞ்சு போறாங்க, எல்லாத்தையும் கவனிச்சுக் கத்துக்கும். அப்புறம் அவங்க குரல்ல, அவங்க மாதிரியே பாடம் சொல்லிக் குடுக்கும்."

"யாரு வீட்டுல வப்பீக?" என்று முதலில் கேட்டவள் நாகஜோதிதான். பெரிய மருமகள் என்கிற முறையில் தன் வீட்டில்தான் வைப்பார்கள் என்று அவளே முடிவு கட்டியிருந்தாள். ஹெப்சிபா ஊர்ப் பெண்கள் எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் பேசச் சொல்லிக் கேட்டாள். நாகஜோதி பேசி முடித்ததும் சிரித்துவிட்டாள்.

"குரல் கணீர்னு இருக்குக்கா. ஆனா நலம் விசாரிச்சாக்கூடத் திட்டற மாதிரி இருக்கே!"

ஊரே சிரித்தது. பெட்டி பூங்கொடி வீட்டுக்குப் போனது.

ஒரு மாதம் அது பூங்கொடியின் அடுப்படியில் இருந்து, அவள் உலை வைப்பதையும் பிள்ளையைக் கொஞ்சுவதையும் ஆட்டை விரட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்து பாடம் நடத்தத் தொடங்கியது. மறைவில் நின்று கேட்டால் பூங்கொடியே உள்ளே உட்கார்ந்து பேசுகிறாள் என்றுதான் தோன்றும்.

"ஏ தன்ஷிகா! கூரையில என்னடி எழுதியிருக்கு? ஏழெட்டு எம்புட்டு? தப்பு. கழுத, திரும்பச் சொல்லு."

தன்ஷிகா நாகஜோதியின் ஒரே மகள். திட்டு வாங்கி வீட்டுக்கு வந்து, சுவரில் கரியால் ஏழாம் வாய்ப்பாட்டை எழுதி எழுதிப் பார்ப்பாள். மகளைத் திட்டுவதை நாகஜோதி பொறுத்துக்கொள்வாள். அவளே திட்டாத நாள் இல்லை. அவளால் தாங்க முடியாதது வேறொன்று. அதே பெட்டி பூங்கொடியின் மகனிடம் பேசுகிற விதம்.

"வாங்கய்யா. உக்காருங்க. இதக் கொஞ்சம் போட்டுப் பாக்குறீகளா? ஆங், நல்லாருக்குய்யா. அடுத்ததப் பாப்போம்."

ஏன் இப்படி என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். பையனுக்குத் தாத்தா பெயர், இருளப்பன். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லுகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. கையில் போன் வந்துவிட்டது, பெண்கள் பைக் ஓட்டுகிறார்கள், ஆனால் ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் வரிசையில் பின்னால் நிற்கிறவள்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரைத் தாங்கிய பிள்ளையும் அப்படித்தான். ஆண்கள் 'டேய் இருளப்பா' என்பார்கள். பூங்கொடிக்கும் நாகஜோதிக்கும் அவன் 'அய்யா'. பூங்கொடியிடம் பழகிய பெட்டிக்கும் அவன் அய்யா ஆகிவிட்டான்.

அதோடு போயிருந்தால் நாகஜோதி பொருமிக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பாள். பெட்டியின் திரையில் ஒரு பனைமரம் உண்டு. பாடம் முடிக்க முடிக்கப் பிள்ளைகளின் முகங்கள் அதில் ஏறும். இருளப்பன் முகம் விறுவிறுவென்று ஏறிக் குருத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது. தன்ஷிகா இன்னும் அடிமரத்தில் முக்கிக்கொண்டிருந்தாள். வருடக் கடைசியில் ஹெப்சிபா வந்து, பத்து வயதுப் பிள்ளைகளில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மதுரையில் தங்கிப் படிக்க அழைத்துப் போவாள். கல்லூரி முடியும்வரை அவர்கள் பொறுப்பு. அந்த வயதில் ஊரில் இரண்டே பிள்ளைகள்தான் இருந்தார்கள்.

"பாத்தியா, ஒந்தம்பி மகன் உச்சிக்குப் போயிட்டான்" என்றாள் புருஷன் முனியசாமியிடம்.

"நல்லாப் படிக்கிறான் போல."

"படிக்கிறானா? அந்தப் பொட்டி படிக்க வைக்குது! பெத்தவ குரலுல்ல? காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எம்புள்ளைய மட்டும் கழுதங்குது, கருவாடுங்குது. இவள யாராச்சும் ஒருத்தர் வாங்கன்னு சொல்லியிருந்தா இவளும் ஏறியிருக்க மாட்டாளா?"

சொல்லும்போதே அவளுக்கு யோசனை வந்துவிட்டது.

மாமியார் பெயர் ராக்காயி. மகள் பிறந்தபோது அந்தப் பெயரை வைக்கச் சொன்னார்கள். 'இந்தக் காலத்துல ராக்காயியா!' என்று சண்டை பிடித்துத் தன்ஷிகா என்று வைத்தவள் நாகஜோதிதான். மாமியார் பெயரையும் மருமகள் சொல்லக் கூடாது அல்லவா? பூங்கொடி சொல்ல மாட்டாள். அவள் சொல்லாததைப் பெட்டியும் சொல்லாது.

மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். பெயர் வாயில் வராதே, அதனால் முனியசாமியைக் கூட்டிப் போனாள். அவன் சந்தோஷமாகச் சொன்னான், "பொட்டி, இனிமே இவ பேரு தன்ஷிகா இல்ல. எங்காத்தா பேரு. ராக்காயி."

"எனக்கு வேணாம்! கேவலமா இருக்கு!" என்று மகள் அழுதாள்.

"யாருடி ஒன்னக் கூப்புடப் போறா? சும்மா இரு."

பெட்டியிலிருந்து பூங்கொடியின் குரல் தணிந்து வந்தது. "வாங்காத்தா. உக்காருங்க."

நாகஜோதிக்கு அடிவயிறு வரை குளிர்ந்தது. அன்று முதல் மகளுக்கு ஒரு திட்டும் விழவில்லை. முகம் பனையில் ஏறியது. கோடை வருவதற்குள் அண்ணனும் தங்கையும் குருத்தில் சமமாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுச் சுவரில் கரி எழுத்து நின்றுபோனதை நாகஜோதி கவனிக்கவில்லை. பூங்கொடிதான் கவனித்தாள்.

"அக்கா, நம்ம தன்ஷி முன்ன மாதிரி வீட்டுல கணக்குப் போடக் காணமே?"

"கண்ணு வக்காதடி. உள்ளதும் போயிரும்."

பூங்கொடி அக்காவை எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அதுவும் நாகஜோதிக்கு எரிச்சல்தான், சண்டைக்கு வந்தாலாவது மனதில் உள்ளதைக் கொட்டியிருக்கலாம்.

ஹெப்சிபா வந்தாள். இரண்டு பிள்ளைகளையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்துத் தாளைக் கொடுத்தாள். திருத்தும்போது அவள் முகம் மாறியது.

இருளப்பன் எல்லாக் கேள்விக்கும் முத்து முத்தாக எழுதியிருந்தான். ஒன்றும் சரியில்லை. ஏழெட்டுக்குப் பதினைந்து என்று போட்டுக் கோடு வேறு கிழித்திருந்தான். எட்டிப் பார்த்த நாகஜோதிக்கு முதலில் பொங்கி வந்தது சந்தோஷம்தான், அதை மறைப்பானேன். 'உச்சியில உக்காந்த லட்சணம்!' என்று நினைத்தாள். அடுத்து ஹெப்சிபா மகளின் தாளைத் திருப்பினாள். அதிலும் அதே கதை. பெயர் மாற்றுவதற்கு முன்னால் தூக்கத்தில் கேட்டாலும் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சொன்ன பிள்ளை அவள்.

அன்று பகல் முழுவதும் ஹெப்சிபா பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து இரண்டு தாய்மார்களையும் கூப்பிட்டாள்.

"பெட்டியில கோளாறு இல்ல. அது கத்துக்கிட்டதுதான் அப்படி. பூங்கொடி, அந்த ஒரு மாசத்துல நீங்க பேர் சொல்லாத ஆள் யாருகிட்டயாவது 'நீங்க சொல்றது தப்பு'ன்னு சொன்னீங்களா?"

"அதெப்படி மேடம் சொல்லுவேன்? மரியாதை இல்லாம?"

"அதேதான். பேர் சொல்லக் கூடாதவங்களத் தப்புன்னும் சொல்லக் கூடாதுன்னு அது புரிஞ்சுக்கிச்சு. இவங்க ரெண்டு பேரும் என்ன எழுதினாலும் நல்லாருக்குன்னு சொல்லி மேல ஏத்திவிட்டிருக்கு. தப்பைத் தப்புன்னு யாரும் சொல்லலன்னா பிள்ளை எப்படிப் படிக்கும்?"

நாகஜோதிக்குக் காதுமடல் சுட்டது. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழை என்பார்கள். அவளுக்கு மூக்கும் போய்ச் சகுனமும் பிழைக்கவில்லை.

தன்ஷிகாவுக்கு வைத்தியம் எளிதாக முடிந்தது. பழைய பெயரைத் திரும்பச் சொன்னதும், "ஏ தன்ஷிகா, எங்கடி போயிருந்த இத்தன நாளா? உக்காரு கழுத" என்று பெட்டி ஆரம்பித்துவிட்டது. இருளப்பனிடம் அது பலிக்கவில்லை. அவனுக்கு வேறு பெயர் கொடுத்துப் பார்த்தார்கள். சரி என்றது, சரி என்றுவிட்டு "வாங்கய்யா" என்றது. அவன் வீட்டிலேயே இருந்து பழகிய பெட்டி. அவன் முகம் அதற்குத் தெரியும்.

"ஒரே வழிதான்" என்றாள் ஹெப்சிபா. "அது உங்களப் பாத்துக் கத்துக்கிட்டது. நீங்களே அது முன்னாடி நின்னு அவனப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தப்புன்னு சொல்லணும். அது மாறுற வரைக்கும் சொல்லணும். மூணு மாசம் கழிச்சு வந்து திரும்பப் பரீட்சை வைக்கிறேன்."

பூங்கொடி பெட்டி முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். மூடினாள். நான்கு வருடம் பிள்ளையில்லை என்று ஊர் அவளைப் பேசியபோது, 'எம்மருமகள ஒரு வார்த்த சொன்னவன் என் வாசப்படி மிதிக்காத' என்று தடியை ஊன்றி நின்றவர் அந்த மாமனார். அவர் பெயரை அதட்டிச் சொல்ல நாக்குப் புரளவில்லை. அழுதுகொண்டே வெளியே ஓடினாள்.

ஹெப்சிபா நாகஜோதியின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்னாலும் கேக்கும்."

"நானா? என் குரல்தான் ஒங்களுக்கு ஆகாதே."

"இது குரல் விசயம் இல்லக்கா. அந்த மாசம் பூங்கொடி யார் பேச்சத் தட்டாம இருந்தாங்கன்னு உள்ள பாத்தேன். ஒரே ஒருத்தர்தான். நீங்க. உங்க முதுகுக்குப் பின்னாடிகூட அவங்க உங்கள ஒரு வார்த்த குறைச்சுப் பேசல. அதனால பெட்டியும் உங்க பேச்சத் தட்டாது."

நாகஜோதி தரையைப் பார்த்தாள். "எனக்கும் அவரு மாமனாருதான் மேடம். நானும் பேரச் சொல்லக் கூடாதுல்ல?" என்றாள்.

நல்ல பதில். யாரும் குறை சொல்ல முடியாத பதில். இருளப்பன் தேறினால் மதுரைச் சீட்டு அவனுக்குத்தான் என்பது அவளுக்குத் தெரியும். பையன் கெட்டிக்காரன். வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற பூங்கொடியும் எல்லாவற்றையும் கேட்டாள். அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். சொல்லுங்கள் என்று கேட்கவில்லை.

தன்ஷிகா மறுபடி திட்டு வாங்கினாள், மறுபடி சுவரில் கரியால் எழுதினாள். நாகஜோதி மகளுக்கு மதுரைக்குக் கொண்டுபோக டிரங்குப் பெட்டிகூடப் பார்த்து வைத்தாள்.

ஒருநாள் சோலார் தகட்டைத் துடைக்கிற முறை அவளுக்கு வந்தது. துடைத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கும்போது கீழே இருளப்பன் நின்றான்.

"பெரியம்மா, நான் என்ன குத்தம் பண்ணுனேன்?"

"ஏன்யா?"

"பொட்டி எல்லாரையும் திட்டுது. தன்ஷியக் கழுத, எருமைங்குது. அவ சரியாப் போட்டதும் 'என் ராசாத்தி'ங்குது. என்னைய ஒருநாளும் திட்டல. நான் வேணும்னே குப்பையா எழுதிப் பாத்தேன். அப்பயும் நல்லாருக்குய்யாங்குது. எங்கம்மா குரலுதானே அது? என்னைய மட்டும் ஏன் பிடிக்கல? தன்ஷியப் பாத்தா எனக்கு வயிறு எரியுது பெரியம்மா."

வயிற்றெரிச்சல் தனக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த சொத்து என்று அதுவரை நினைத்திருந்தாள் நாகஜோதி. இத்தனூண்டு பையன் அதே நெருப்பை வயிற்றில் கட்டிக்கொண்டு நிற்கிறான், அதுவும் தன் மகளைப் பார்த்து. அவளுக்கு வந்தது இரக்கமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. எது வந்தாலும் அவளுக்கு அது அதட்டலாகத்தான் வெளியே வரும். துடைத்த துணியை எறிந்துவிட்டு உள்ளே போனாள்.

"உக்காருய்யா. எழுது. ஏழெட்டு எம்புட்டு?"

அவன் பதினைந்து என்று எழுதினான்.

"நல்லாருக்குய்யா" என்றது பெட்டி.

நாகஜோதி மூச்சை இழுத்தாள். மாமனாரின் மீசை ஒருமுறை கண்முன் வந்து போனது. "டேய்…" என்றாள். "டேய் இருளப்பா! தப்புடா! ஐம்பத்தாறு!"

"அக்கா…" என்றது பெட்டி, பூங்கொடியின் குரலில் பதறி.

"என்னடி அக்கா? தப்புன்னு சொல்லு அவன."

"அது மாமா பேருக்கா."

"மாமா போய்ச் சேந்துட்டாருடி. அவரு ஏழெட்டு படிக்க வரப் போறதில்ல. இது இவன் பேரு. சொல்லு!"

"எனக்கு வாய் வல்லக்கா."

"எனக்கு மட்டும் வந்துச்சா? சொல்லுடி!"

அன்று அது சொல்லவில்லை. மறுநாளும் போனாள். வெளியே குழாயடியில் பெண்கள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். மாமனார் பெயரை ஏலம் போடுகிறாள் என்றார்கள். முனியசாமி, "எங்கப்பன் பேர இப்படித் தெருவுல இழுக்கணுமா?" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான், மூன்றாம் நாள் பசித்தது. நாகஜோதி விடவில்லை. வாரம் முடிவதற்குள் ஒரு மத்தியானம், பெட்டி திக்கித் திணறிச் சொன்னது.

"இ…ருளப்பா. தப்புய்யா." கொஞ்சம் பொறுத்து, குரல் தெளிந்து வந்தது. "டேய் இருளப்பா! தப்புடா கழுத. திரும்பப் போடு."

பையன் குதித்த குதியில் பலகை உடைந்திருக்கும். குழாயடியில் ஒரு குடம் கீழே விழுந்து உருண்டது. அது பூங்கொடியின் குடம்.

மூன்று மாதத்தில் பரீட்சை நடந்தது. சீட்டு இருளப்பனுக்குக் கிடைத்தது. நாகஜோதிக்கு அன்றைக்குப் பொறாமை வரவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். வந்தது. மகளைக் கட்டிக்கொண்டு, பார்த்து வைத்த டிரங்குப் பெட்டியை வைது தீர்த்தாள். ஆனால் பூங்கொடி முகத்திலும் மலர்ச்சியைக் காணோம். குழாயடியில் எதிர்ப்பட்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனாள்.

வேன் வந்து பையனை ஏற்றிக்கொண்டு போன அன்று நாகஜோதி அவளை வழிமறித்தாள்.

"சீட்டு ஒம்புள்ளைக்குத்தானடி போச்சு? எம்புள்ள இங்க கெடக்கா. நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா ஒரு ஞாயம் இருக்கு. ஒனக்கு என்னடி?"

"வேன் கெளம்பும்போது அவன் சன்னல் வழியா யாரப் பாத்துக் கத்துனான், கேட்டீகளாக்கா? 'பெரியம்மா, ஒருவாட்டி பேரச் சொல்லு'ன்னான். நீங்க சொன்னீக. சிரிச்சுக்கிட்டே போயிட்டான்." பூங்கொடி வேன் போன திசையைப் பார்த்தாள். "பெத்த பிள்ளைய நான் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லக்கா. ஒங்களுக்கு வாய் வந்துருச்சு. எனக்கு வல்லயே. ஒங்களப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு எரியுதுக்கா."

இதைக் கேட்க நாகஜோதி எத்தனை நாள் தவம் கிடந்திருப்பாள்! ஓரகத்தி தன்னைப் பார்த்து எரிகிறாள். அவள் மனம் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை.

பூங்கொடி விலகி நடந்தாள். வீட்டுப் பக்கம் போகாமல் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள். பிள்ளைகள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். நாகஜோதி பின்னாலேயே போய் வாசலில் நின்றாள். பூங்கொடி பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள், பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி.

"அவனக் கூப்புடு" என்றாள்.

"டேய் இருளப்பா!" என்று அவள் குரலில் கூப்பிட்டது பெட்டி.

பூங்கொடி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். பிறகு எடுத்தாள்.

"இன்னொருக்கா" என்றாள்.